மடைக்கல்லுக்கு நாலு விரல் கீழே

ஆவணி மாதத்தில் கண்மாயில் தூண்டில் போட வேண்டுமென்றால் விடிந்தும் விடியாமலும் போய்விட வேண்டும். வெயில் ஒரு பனை உயரம் ஏறுவதற்குள் முடித்துக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் கரையோரத் தண்ணீர் சூடாகிவிடும். மீனெல்லாம் கசத்துக்குள் இறங்கிவிடும். கசம் என்பது மடைக்கு முன்னால் இருக்கிற ஆழமான பள்ளம். எங்கள் கண்மாய் வற்றினால் கடைசியாக வற்றுகிற இடம் அதுதான்.

இதெல்லாம் எனக்கு அறுபது வயதுக்கு மேல் தெரிந்தது. தூண்டில் என் வீட்டுக்காரருடையது. மில்லில் லீவு விடுகிற நாளில் எடுத்துக்கொண்டு போவார். அவர் இருந்தவரை நான் அதைத் தொட்டதில்லை. மீனைக் கொண்டுவந்து போட்டால் ஆய்ந்து குழம்பு வைப்பதோடு சரி. அவர் போன பிறகு ஒருநாள் சுவரில் சாத்தியிருந்த கம்பைப் பார்த்தேன். நரம்பும் முள்ளும் அப்படியே சுற்றியிருந்தன. மறுநாள் காலையில் அதை எடுத்துக்கொண்டு கண்மாய்க்கு நடந்தேன். ராஜபாளையத்துக்கு மேற்கு ஓரத்தில் எங்கள் வீடு. நடந்தால் கால் மணி நேரம்.

வீட்டில் பேச ஆள் இல்லாமல் பேசாமல் இருப்பது ஒரு மாதிரி இருக்கும். கண்மாயில் பேசாமல் இருந்தால் அது மீனுக்காக என்று ஆகிவிடும். அதற்காகத்தான் போனேன் என்று இப்போது நினைக்கிறேன்.

எனக்குப் பேச்சு வராது. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். மம்சாபுரத்தில் அஞ்சாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் பேர் கூப்பிடும்போது "உள்ளேன் ஐயா" என்று சொல்வேன். அது அவர் காது வரை போகாது. வந்திருந்தும் வராதவள் என்று எழுதிவிடுவார். அப்படி எத்தனை நாள் போயிற்றோ. கல்யாணத்துக்குப் பிறகு வீட்டில் உட்கார்ந்து பேண்டேஜ் துணி சுருட்டுகிற வேலை. அதற்கும் கை போதும், வாய் வேண்டாம்.

முதல் வருடம் ஆவணியில் எனக்கு ஒரு மீன்கூட மாட்டவில்லை. மண்புழுவைக் கோர்த்து, ஈயக்குண்டு கட்டி ஆழத்தில் போட்டுக்கொண்டிருந்தேன். என் வலது பக்கம், நாற்பது எட்டுத் தள்ளி ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். என் வயதுதான் இருக்கும். கையில் ஒரு கம்பு, தலையில் ஒரு துண்டு. அவருக்கு மட்டும் மீன் எடுத்துக்கொண்டே இருந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். அவர் குண்டே கட்டவில்லை. புல்லில் தாவுகிற ஒரு தத்துக்கிளியை உயிரோடு முள்ளில் கோர்த்து, தண்ணீர் மேலேயே விட்டார். அது கால் உதைத்துக்கொண்டு மிதந்தது. கீழேயிருந்து ஜிலேபி மீன் வந்து லபக்கென்று பிடித்தது.

எங்களுக்கு நடுவில் மடைக்கு இறங்குகிற இடத்தில் ஒரு அகலமான கல் உண்டு, மடைக்கல். ஒருநாள் அவர் போகும்போது அந்தக் கல்லின் மேல் ஒரு தேங்காய்ச் சிரட்டையை வைத்தார். அதன் மேல் எருக்கிலையை மூடி, இலை பறக்காமல் ஒரு சின்னக் கல்லை வைத்தார். என் பக்கம் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. மலையைப் பார்த்துக்கொண்டே சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அவர் கரையை விட்டு இறங்குகிற வரை நான் எழுந்திருக்கவில்லை. போய்த் திறந்து பார்த்தால் ஏழெட்டுத் தத்துக்கிளிகள்.

மறுநாள் வெறும் சிரட்டையைத் திருப்பி வைக்க மனசு வரவில்லை. வழியில் மயில் உதிர்த்த இறகு கிடந்தது. அதன் தண்டை நறுக்கி இரண்டு தக்கை செய்து சிரட்டைக்குள் போட்டு வைத்தேன். மூன்றாம் நாள் பார்த்தால் அவர் நரம்பில் என் தக்கை மிதந்தது. அவ்வளவுதான். அன்றிலிருந்து மூன்று வருடம் அந்தச் சிரட்டை அந்தக் கல்லில் இருந்தது. அவர் கிளி வைப்பார், நான் தக்கை வைப்பேன். ஒரு வார்த்தை பேசியதில்லை. அவர் பேர் எனக்குத் தெரியாது. என் பேர் அவருக்குத் தெரிய வழியில்லை.

சொல்லாமலே அவர் சில விஷயங்களைக் காட்டிக்கொடுத்தார். ஆனி, ஆடியில் மேல்காற்று அடிக்கும்போது தண்ணீர் அலையடித்துக்கொண்டே இருக்கும். மீனுக்கு நாம் தெரிய மாட்டோம். ஆவணியில் காற்று விழுந்துவிடும். தண்ணீர் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். காலை வெயில் நம் முதுகில் அடித்து நம் நிழலைத் தண்ணீருக்குள் தள்ளிவிடும். கம்பைத் தூக்கினால் நிழலும் தூக்கும், மீன் ஓடிவிடும். ஒருநாள் அவர் எழுந்து போய் கருவேல மரத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். ஏன் என்று யோசித்துப் பார்த்தேன். மர நிழலுக்குள் அவர் நிழல் ஒளிந்துகொண்டது. நானும் எனக்கு ஒரு மரம் பார்த்துக்கொண்டேன்.

ஒரு விஷயத்தில் மட்டும் எனக்குக் கூச்சம். அவர் தண்ணீருக்கு நேராகப் பார்க்க மாட்டார். முகத்தை எப்போதும் இடது பக்கம், என் பக்கமாகத் திருப்பியே வைத்திருப்பார். ஒரு பொம்பளையை இப்படியா பார்ப்பது என்று முந்தானையை இழுத்துத் தோளை மூடிக்கொள்வேன். கோபமும் வரும். ஆனாலும் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

புரட்டாசி வந்தது. புரட்டாசியில் நாங்கள் மீன் சாப்பிட மாட்டோம். பெருமாள் மாதம். என் மகளை ஸ்ரீவில்லிபுத்தூரில் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டில் அந்த மாதம் முட்டை என்றுகூடச் சொல்லக் கூடாது. புரட்டாசியில் தூண்டிலுக்கு வேலை இல்லை. ஆனால் முதல் தேதி காலையில் எனக்குப் பழக்கம்போல விழிப்பு வந்தது. சும்மா பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். கையில் கம்பு இருந்தது. அவர் ஏற்கெனவே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் நாமம். ஒரு ஜிலேபி மாட்டியது. முள்ளைக் கழற்றி, மீனைத் தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் பிடித்திருந்து விட்டுவிட்டார். சற்று நேரத்தில் எனக்கும் ஒன்று மாட்டியது. நானும் விட்டேன்.

மீனுக்காக வரவில்லை என்பது அன்றைக்கு இரண்டு பேருக்கும் தெரிந்துபோயிற்று. வெட்கமாக இருந்தது. மறுநாளும் போனேன்.

இந்த வருடம் ஆவணி முடிய நாலைந்து நாள் இருக்கும். தண்ணீர் அந்த அகலக் கல்லின் மேல்விளிம்பைத் தொட்டுக்கொண்டு நின்றது. அவர் கம்பைக் கீழே வைத்துவிட்டு எழுந்து கல் வரைக்கும் வந்தார். அங்கேயே நின்றார். தண்ணீரைப் பார்த்தே, யாரிடமோ சொல்வதுபோலச் சொன்னார்:

"ரெண்டு நாளா கண்ணுக்குள்ள தத்துக்கிளி பறக்கிற மாதிரியே இருக்கு. கறுப்பு கறுப்பா. எதுக்கா இருக்கும்?"

என்னைத்தான் கேட்டார். அங்கே வேறு யாரும் இல்லை. தக்கை அசைந்ததுபோலப் பாவனை செய்து கம்பைத் தூக்கினேன். முள்ளில் ஒன்றும் இல்லை. அவர் சிரட்டையை வைத்துவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டே போனார். ஏறி ஓட்டவில்லை. அதை நான் கவனித்தேன்.

மறுநாள் அவர் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை.

நான் நாளை எண்ணவில்லை, தண்ணீரைப் பார்த்தேன். அந்த வெயிலில் இரண்டு நாளைக்கு ஒரு விரல் வற்றும். கல்லின் விளிம்பிலிருந்து ஒரு விரல் இறங்கியது. இரண்டு விரல் இறங்கியது. சிரட்டையில் அவர் கடைசியாக வைத்த கிளிகளை நான் எடுக்கவில்லை. இலையைத் தள்ளிப் பறக்க விட்டுவிட்டு, என் பங்குக்கு இரண்டு தக்கையைப் போட்டு வைத்தேன். அவர் உட்காரும் இடத்தில் ஒரு கொக்கு வந்து நின்றது. ஆள் இல்லை என்று அதற்கும் தெரிந்துவிட்டது.

புரட்டாசி பிறந்ததும் மகள் போன் செய்தாள்.

"யம்மா, தூண்டிலத் தூக்கி மச்சுல போட்டியா இல்லையா?"

"ம்."

"என்ன ம்மு? ஆம்பளையாட்டம் கம்பத் தூக்கிட்டு அலையாத. புரட்டாசியில எவளாவது மீன் பிடிப்பாளா? கேட்டா எனக்குத்தான் அசிங்கம்."

"பிடிக்கல. சும்மா தண்ணியப் பாக்கப் போறேன்."

"தண்ணியில என்ன இருக்கு பாக்க?"

நான் போனை வைத்துவிட்டேன்.

மூன்று விரல் இறங்கியது. யாரிடம் கேட்பது? கரை முடிகிற இடத்தில் ஒரு டீக்கடை உண்டு. அவர் போகும்போது அங்கே சைக்கிளை நிறுத்தி டீ குடிப்பார். கடைக்காரருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் என்னவென்று கேட்பேன்? புருஷனை இழந்தவள், பேர் தெரியாத ஒரு ஆம்பளையை எங்கே காணோம் என்று நாலு பேர் உட்கார்ந்திருக்கிற இடத்தில் போய்க் கேட்க முடியுமா? ஒவ்வொரு நாளும் கடை வரை வருவேன். பெஞ்சில் ஆள் இருந்தால் கடந்துவிடுவேன். ஆள் இல்லாவிட்டாலும் கடந்துவிடுவேன். வீட்டுக்குப் போய், அவர் கேட்டதற்கு என்ன சொல்லியிருக்கலாம் என்று நினைத்துப் பார்ப்பேன். "போய்க் காட்டுங்க" என்று இரண்டு வார்த்தை. அதுகூட வரவில்லையே.

நாலாவது விரல் இறங்கிய அன்று கடையில் மூன்று பேர் இருந்தார்கள். இருந்தால் இருக்கட்டும் என்று போய் நின்றேன்.

"தம்பி."

கடைக்காரர் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"ஏ ஆச்சி! நீங்க பேசுவீகளா? மூணு வருசமா நீங்க ஊமைன்னுல்ல நெனச்சுட்டு இருக்கேன்!"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குத் திரும்பிவிடலாமா என்று இருந்தது. கால் திரும்பவும் செய்தது. ஆனால் அதற்குள் வாய் பேசிவிட்டது.

"அங்கன தூண்டில் போடுவாருல்ல, ஒரு பெரியவரு. அவியள எட்டொம்பது நாளாக் காணோம்."

யாரும் சிரிக்கவில்லை. கடைக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார்.

"அண்ணாச்சியவா கேக்கீக? அவருக்குக் கண்ணுல ஆபரேசன் ஆச்சி. மதுரைக்குக் கொண்டுபோயி செஞ்சாக. இப்பத் தளவாய்புரத்துல மக வீட்டுல கெடக்காரு. எங்க தெருதான். பிள்ளையார் கோவிலுக்கு அடுத்தாப்புல, பச்சைக் கேட்டு போட்ட வீடு."

பெஞ்சில் இருந்த ஒருவர், "ஆச்சி, டீ குடிங்க" என்று நகர்ந்து இடம் விட்டார். நான் குடிக்கவில்லை. ஆனால் அவர் நகர்ந்தது நன்றாக இருந்தது.

மறுநாள் காலை கண்மாய்க்குப் போய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு, அப்படியே தளவாய்புரம் பஸ் ஏறினேன். கையில் ஒன்றும் கொண்டுபோகவில்லை. என்ன கொண்டுபோவது? எந்த உறவென்று கொண்டுபோவது?

அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு தையல் மிஷின் சத்தம். நைட்டி தைக்கிற ஊர் அது. பச்சைக் கேட்டைத் திறந்தால், வாசல் அறையில் ஒரு பெண் பூப்போட்ட துணிக் குவியலுக்கு நடுவில் மிஷினில் உட்கார்ந்திருந்தாள். அவருடைய மகள்.

"யாரு ஆச்சி, துணி வாங்க வந்தீகளா?"

"இல்லம்மா. அவியளப் பாக்க."

"அப்பாவையா? நீங்க யாரு? எந்த வகையில?"

எந்த வகை என்று நான் சொல்ல? அவள் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, வயதைப் பார்த்தோ என்னவோ, உள்ளே கையைக் காட்டினாள்.

அவர் கட்டிலில் குப்புறப் படுத்திருந்தார். நெற்றிக்கு ஒரு தலையணை, நெஞ்சுக்கு ஒரு தலையணை. முகம் கட்டிலின் ஓரத்தைத் தாண்டித் தரையைப் பார்த்துத் தொங்கியது. கண்ணில் கட்டு.

"குப்புறயே கெடக்கணுமாம்," என்றாள் மகள். "கண்ணுக்குள்ள பின்னாடி இருக்கிற சவ்வு விட்டுப்போச்சாம். அதை ஒட்ட வச்சிருக்காக. இன்னும் ஒரு வாரம் இப்படியேதான். எடது கண்ணு சின்ன வயசுலயே பருத்திமார் குச்சி குத்திப் போயிருச்சு. இருக்கிறது இந்த ஒரு கண்ணுதான்."

இடது கண். நான் அவருக்கு இடது பக்கம்தான் உட்கார்ந்திருப்பேன். வலது கண்ணுக்குத் தக்கை நேராகத் தெரியட்டும் என்று முகத்தை இடது பக்கம் திருப்பியிருக்கிறார். மூன்று வருடம் நான் முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டது பார்வை இல்லாத கண்ணுக்கு. என்னை அவர் சரியாகப் பார்த்திருப்பாரா என்பதே அப்போது எனக்குச் சந்தேகமாகிவிட்டது.

"யாரும்மா வந்திருக்கது?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார்.

என் குரலை அவர் கேட்டதே இல்லை. என் பேரைச் சொன்னால் தெரியாது. முகத்தைக் காட்ட வழியில்லை. நான் யார் என்று எதைக்கொண்டு சொல்வது? கட்டிலுக்குப் பக்கத்தில் கீழே உட்கார்ந்தேன்.

"மடைக்கல்லுக்கு நாலு விரல் கீழ போயிருச்சு," என்றேன்.

அவர் முதுகு அசையாமல் நின்றது. மூச்சு விடுகிறாரா என்றுகூடப் பார்த்தேன்.

"பாசி?" என்றார்.

"கரையோரமெல்லாம் காஞ்சு ஒட்டிக் கெடக்கு. கோரைகிட்ட மட்டும் பச்சையா இருக்கு."

"காத்து?"

"மேக்காத்து நின்னுருச்சு. காலைல தண்ணி அசையவே இல்ல. தட்டான் நெறயப் பறக்கு."

"அப்போ மீனு கிளிய எடுக்குமே."

"எடுக்குது. முந்தாநேத்து ரெண்டு ஜிலேபி. ஒரு விராலு கோரைக்குள்ளருந்து வந்து பாத்துட்டு, போடி சர்த்தான்னு திரும்பிப் போயிருச்சு."

"ஜிலேபிய விட்டுட்டீகளா?"

"புரட்டாசில்ல."

அவர் சிரித்தார். முதுகு குலுங்கியது.

"யப்பா, குலுங்காதிய! அசையக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாருல்ல?" என்று மகள் அதட்டினாள். பிறகு என்னிடம், "இவிய செஞ்ச வேலை என்னன்னு தெரியுமா ஆச்சி? கண்ணுல பூச்சி பறக்க ஆரம்பிச்சு அஞ்சு நாளு ஒருத்தருகிட்டயும் மூச்சு விடல. மறைக்க ஆரம்பிச்ச பொறவுதான் எனக்குப் போன் போட்டாரு. மொதல்லயே வந்திருந்தா லேசா முடிஞ்சிருக்குமாம். ஒருத்தராவது போய்க் காட்டுங்கன்னு சொல்லிருந்தா கேட்டிருப்பாரு. தனியாக் கெடந்தா யாரு சொல்லுவா?"



"ஏட்டி, போதும். நீ போயி மிஷின மிதி," என்றார் அவர்.

வாசல் அறையில் மிஷின் சத்தம் கேட்டது.

"என்கிட்டதான கேட்டீக," என்றேன். "நான் காதுல விழாத மாதிரி இருந்துட்டேன்."

"தெரியும்."

"தப்பு."

"நானும் மூணு வருசம் கழிச்சுத்தான வாயத் தொறந்தேன்," என்றார். நான் எழுந்தபோது, "அஞ்சு விரலு எறங்குனாச் சொல்லுங்க," என்றார்.

கேட் வரை மகள் வந்தாள். குரலைத் தணித்துக்கொண்டாள்.

"ஆச்சி, கோவிச்சுக்கிடாதிய. அப்பா சிரிச்சு நான் பாத்து எம்புட்டோ நாளாச்சு. ஆனா இந்தத் தெரு ஒரு மாதிரி. யாரு வந்துட்டுப் போறதுன்னு கேப்பாக. எங்க வீட்டுக்காரரு வேற கேப்பாரு. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"இனிமே வரலம்மா," என்றேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை. என்னவென்று சொல்வது என்று எனக்கும்தான் தெரியவில்லை.

ஐந்தாவது விரல் இறங்கிய அன்று டீக்கடை முன்னால் நின்றேன். கடைக்காரர் சாயங்காலம் வீட்டுக்குப் போகிறவர். அவர் தெருவில்தான் அந்த வீடு.

"தம்பி, அண்ணாச்சிகிட்ட அஞ்சு விரலுன்னு சொல்லிருங்க."

"எதுல அஞ்சு விரலு?"

"சொன்னாத் தெரியும்."

மறுநாள் கேட்டேன், என்ன சொன்னார் என்று. "கோரை தெரியுதான்னு கேட்டாரு ஆச்சி," என்றார் கடைக்காரர். அப்படியே போயிற்று. காலையில் ஒரு வார்த்தை நான் சொல்லி அனுப்புவேன். மறுநாள் ஒரு வார்த்தை வரும். கோரை வேர் தெரிகிறது. கசம் கலங்கவில்லை. மதியத்துக்கு மேல் மலைப் பக்கம் இடி கேட்டது. அதைச் சொல்வதற்காகவே எல்லாவற்றையும் உற்றுப் பார்க்க ஆரம்பித்தேன். தூண்டிலைக் கையில் வைத்திருப்பேன், போடக்கூட மறந்துவிடுவேன். பக்கத்தில் அந்தக் கருவேல மரத்தின் நிழல் மட்டும் தண்ணீரில் கிடக்கும். அதற்குள் ஒளிய ஆள் இல்லை.

ஒரு வாரம் கழித்துக் கடைக்காரர் தானாகவே கூப்பிட்டார்.

"ஆச்சி, கட்டு அவுத்தாச்சாம். வெளிச்சம் தெரியுதாம். உருவம் தெரியலையாம். இன்னும் நாளாகும்னு சொல்றாக. வரலாம், வராமலும் போகலாமாம். சைக்கிள மகவீட்டுக்காரரு எடுத்து உள்ள போட்டுட்டாரு."

தக்கை தெரியாமல் தூண்டில் என்ன போட?

ஐப்பசி பிறக்கிற சமயத்தில் மலையில் நல்ல மழை. காலையில் போனால் கண்மாயில் செம்மண் நிறத்தில் புதுத்தண்ணீர் வந்துகொண்டிருந்தது. புதுத்தண்ணீர் வந்துவிட்டால் மீனெல்லாம் வரத்துக்கால் பக்கம் எதிரேறிப் போய்விடும். தத்துக்கிளியை ஏறிட்டும் பார்க்காது. இனி அடுத்த ஆவணிதான். தண்ணீர் அகலக் கல்லின் மேல் ஏறிச் சிரட்டையை மெல்ல அசைத்துக்கொண்டிருந்தது. முழங்கால் நனைய இறங்கி அதை எடுத்தேன். உள்ளே என் தக்கை இரண்டும் அப்படியே இருந்தன.

கடைக்கு வந்து, "மடைக்கல்லு முங்கிருச்சுன்னு சொல்லிருங்க," என்றேன்.

"வேற எதும் சொல்லணுமா ஆச்சி?"

"இல்ல."

பாதி வழி வந்துவிட்டேன். சேலையின் கீழ்ப்பக்கம் நனைந்து காலில் ஒட்டியது. திரும்பி நடந்தேன். கடையில் இப்போது ஆறேழு பேர் இருந்தார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"தம்பி, சிரட்டைய எடுத்து பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லுங்க," என்றேன். கடைசிப் பெஞ்சு வரை கேட்டிருக்கும்.